ஒரு கேள்வி குறைந்த டிஸ்க்

எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டின் முன்னறைதான் என் கடை. பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் கம்ப்யூட்டர்கள் என்னவெல்லாமோ ஆகிவிட்டன. கடைக்குள் நுழைகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறவில்லை.

"சார் இல்லைங்களா?"

என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். எதிரே ஒரு லேப்டாப் குடல் வெளியே தெரியத் திறந்து கிடக்கும். அப்படியும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து ஒரு சாரைத் தேடுவார்கள். "சார் வேலைக்குப் போயிருக்காருங்க. அவருக்கு மவுஸ் பிடிக்கவே இப்பதான் கத்துக் குடுத்திருக்கேன்" என்று ஆரம்ப காலத்தில் வேடிக்கையாகச் சொல்வேன். பிறகு வேடிக்கை போய் எரிச்சல் வந்தது. இப்போது எரிச்சலும் போய், "என்ன ரிப்பேருங்க?" என்று மட்டும் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார், நல்ல மனிதர், கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டார்.

அதனால் ஓர் ஐப்பசி மாதக் காலையில் போன் அடித்து, "கம்ப்யூட்டர் பாக்கற மேடம்தானே?" என்று ஒரு பெண்குரல் கேட்டபோது, அவர் என்ன கேட்டாலும் செய்து கொடுப்பது என்று அப்போதே பாதி முடிவு செய்துவிட்டேன்.

"எனக்கு ஒரு எக்ஸ்பி டிஸ்க் பண்ணித் தரணும். அதைப் போட்டா விண்டோஸ் தானா ஏறிக்கணும். ஆனா போடறது நானாத்தான் இருக்கணும். பக்கத்துல யாரும் இருக்கப்படாது" என்றார்.

எக்ஸ்பி என்றதும் சிரிப்பு வந்தது, அது ரொம்பப் பழைய விண்டோஸ். அதைக் கேட்டு யாராவது வந்தே பல வருடம் ஆகிறது. "போடறது ஒண்ணும் கஷ்டம் இல்லைங்க. திரையில வர்றதைப் படிச்சுக்கிட்டே போனீங்கன்னா..."

"அதைத்தான் பண்ண முடியாது. எனக்குப் பார்வை கிடையாது. பொறந்ததுலேர்ந்தே" என்றார், தன் வீட்டு விலாசம் சொல்கிற சாதாரணக் குரலில்.

அவர் பார்வையற்ற பெண் குழந்தைகள் படிக்கிற ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியை. ஸ்ரீரங்கத்தில் கிழக்கு உத்தர வீதியில் தனியாக இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மறுநாளே காவிரிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். ஸ்கூட்டரை நிறுத்தி மணியைத் தேடுவதற்குள் கதவு திறந்தது.

"வாங்கோ. உங்க ஸ்கூட்டர்ல பின்னாடி ஏதோ ஆடறது. நம்பர் பிளேட்டா?"

ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு திருகு விழுந்து மூன்று மாதமாகிறது. ஊருக்கெல்லாம் திருகு முடுக்குகிற எனக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அசடு வழிந்துகொண்டே உள்ளே போனேன்.

கம்ப்யூட்டர் இருந்த அறை பின்கட்டில் இருந்தது. அங்கே ஒரு சின்ன இரும்புப் பெட்டி அளவுக்கு ஒரு பிரிண்டர். அது மையால் அச்சடிப்பதில்லை, கெட்டிக் காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்துகிறது. பிரெயில் பிரிண்டர். ஓட்டிக் காட்டினார். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அதன்மேல் ஒரு பழைய ஜமக்காளத்தை மடித்துப் போட்டிருந்தார். அறையைச் சுற்றிலும் குத்தின காகிதங்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. பாடப் புத்தகத்தை, மாதிரிக் கேள்வித்தாளை, மற்ற டீச்சர்கள் தருகிற குறிப்பை எல்லாம் இவரே தட்டச்சு செய்து பிரெயிலாக்குகிறார். அந்தப் பள்ளியின் குழந்தைகள் விரலால் படிப்பதில் பாதி இந்த அறையிலிருந்து போவது.

எக்ஸ்பி எதற்கு என்பது அங்கே போனபின் புரிந்தது. தமிழைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றுகிற அந்த மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அதைச் செய்தவர்கள் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். பிரிண்டரும் பழைய அகலமான பிளக் வைத்தது. புது கம்ப்யூட்டரில் அதைச் செருக இடமே கிடையாது. எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, நடுவில் எக்ஸ்பி போனால் எல்லாம் போய்விடும். போகவும் போயிருக்கிறது, காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால்.

"ஹார்ட் டிஸ்க் உசுரை விட்டுடுத்து. ஒருத்தர் நாளைக்கு வரேன்னார். அப்புறம் போனை எடுக்கலை. பெங்களூர்ல இருக்கற அக்கா பிள்ளை ஞாயித்துக்கிழமை வரேன்னான், ரெண்டு ஞாயிறு போச்சு. கடைசியா ஒருத்தர் வந்தார். ஒரு மணி நேரத்துல முடிச்சார். அந்த ஒரு மணி நேரத்துக்கு மூணு வாரம் காத்துண்டிருந்தேன் மேடம். குழந்தைகள் காலாண்டுக்குக் கையில ஒரு காயிதம் இல்லாம, காதால கேட்டதை மட்டும் வச்சுண்டு எழுதித்து."

குரல் அதுவரை சாதாரணமாக இருந்தது. 'காயிதம் இல்லாம' என்கிற இடத்தில் கொஞ்சம் தடுமாறியது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"அந்த ஒரு மணி நேரமும் நான் அவர் பக்கத்துலேயே உக்காந்துண்டிருந்தேன். அவர் பண்ணினதுல கண்ணால பாக்க வேண்டியது எது, கையால பண்ண வேண்டியது எதுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுண்டேன். கையால பண்றது கொஞ்சம்தான். பாக்கறதுதான் ஜாஸ்தி. அந்தப் பாக்கறதை எல்லாம் நீங்க முன்னாடியே டிஸ்க்குள்ள எழுதி வச்சுடுங்கோ. கையால பண்றதை நான் பண்ணிக்கறேன். இனிமே இந்த மெஷின் படுத்துதுன்னா, எழுப்ப நான் ஒருத்திக்காகவும் ஒருத்தனுக்காகவும் காத்துண்டிருக்க மாட்டேன்."

பதினெட்டு வருடத்தில் இவ்வளவு தெளிவாக என்னிடம் வேலை சொன்னவர் வேறு யாருமில்லை. பொறியியல் படித்தவர்கள்கூட "ஸ்லோவா இருக்குங்க, பாருங்க" என்பதோடு சரி.

நிறுவும்போது எக்ஸ்பி இருபத்தைந்து எழுத்துச் சாவி எண் ஒன்று கேட்கும். அது கம்ப்யூட்டர் கேபினட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும். போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு நான் தரையில் கவிழ்ந்து படுக்க, மேலேயிருந்து, "எழுதிக்கறேளா? சொல்லட்டுமா?" என்று குரல் வந்தது. சொன்னார், ஐந்தைந்தாக, ஐந்து தடவை. ஒட்டியிருந்த காகிதத்தில் பாதி அழிந்து போயிருந்தது. அவரிடம் ஓர் எழுத்துகூட அழியவில்லை. வாங்கின அன்றைக்கு யாரோ ஒரு முறை படித்துக் காட்டினார்களாம்.

வேலையில் இறங்கினேன். எக்ஸ்பி பிறந்த காலத்தில் இப்போதைய ஹார்ட் டிஸ்க் கிடையாது. பழைய டிஸ்கை அப்படியே போட்டால், புது ஹார்ட் டிஸ்கைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே ஹார்ட் டிஸ்க் இல்லை என்று நீலத்திரையைக் காட்டி நின்றுவிடும். அதனால் மூல டிஸ்கை முழுவதும் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, புது ஹார்ட் டிஸ்கை அதற்கு அறிமுகப்படுத்துகிற டிரைவரை உள்ளே சேர்த்து, மறுபடி ஒரு டிஸ்காக எழுத வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அந்த டிஸ்க் தானாகவே எழுந்து வேலையைத் தொடங்க வேண்டும். இது முதல் பாதி.

இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. எக்ஸ்பி ஏறும்போது ஏகப்பட்ட கேள்வி கேட்கும். ஒப்பந்தத்துக்குச் சம்மதமா, எந்த இடத்தில் ஏறட்டும், அழிக்கலாமா, எந்த நாடு, என்ன மணி, உன் பேர் என்ன என்று பெண் பார்க்க வந்த கூட்டம் மாதிரி. எல்லாவற்றுக்கும் பதிலை ஒரு சின்ன ஃபைலில் முன்னாலேயே எழுதி வைத்தால், அது கேட்காது. பேசாமல் வேலையைப் பார்க்கும். ஒவ்வொரு கேள்வியாக அடைத்தேன். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், பிரெயில் மென்பொருள், பிரிண்டர் டிரைவர் எல்லாம் அடுத்தடுத்து ஏறும்படி வரிசை கட்டினேன். எல்லாம் முடிந்ததும் சொல்ல ஒரு குரல் வேண்டுமே என்று, போனில் என் குரலையே பதிவு செய்து கடைசியில் வைத்தேன். "டீச்சர், முடிஞ்சிருச்சுங்க. நீங்க ஆரம்பிக்கலாம்." இதை அவரிடம் சொல்லவில்லை. அதுவாகவே கேட்கட்டும் என்று இருந்தேன்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. டிஸ்க் எழுந்த உடனே, எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது. டிஸ்கிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று கறுப்புத் திரையில் ஒற்றை வரி வரும். ஐந்து விநாடி நிற்கும். அழுத்தாவிட்டால் போய்விடும். பாவம், திரையில் வருவது அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். அதைக் கேட்கிற ஃபைலை டிஸ்கிலிருந்து எடுத்தே விட்டேன். போட்டால் போதும், ஏறிவிடும். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

எழுதுவதற்கு வெற்று சி.டி. கிடைக்கவில்லை. கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் தூசி படிந்த ஒரு கட்டு இருந்தது. அவசரப்பட்டு வேகமாக எழுதியதில் நாலு சி.டி. வீண். ஐந்தாவதை மிகக் குறைந்த வேகத்தில், மாவு கரைக்கிற பொறுமையோடு எழுதினேன். கடைக் கம்ப்யூட்டரில் காலி ஹார்ட் டிஸ்க் மாட்டி மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் கீபோர்டைத் தொடாமல் எக்ஸ்பி ஏறி, என் குரல் பேசியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்கு. உன் குரல் ஏன் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு?" என்றார்.

சனிக்கிழமை டிஸ்கோடும் புது ஹார்ட் டிஸ்கோடும் ஸ்ரீரங்கம் போனேன். டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார்.

"மானிட்டர் வயரைக் கழட்டிடுங்கோ. நான் தனியா இருக்கச்சே எப்படிப் பண்ணுவேனோ அப்படியே நடக்கட்டும். நீங்க அந்த ஊஞ்சல்ல உக்காந்துக்கோங்கோ. பேசப்படாது."

கழற்றினேன். ஓடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் அழிந்துவிடாதபடி அதை எடுத்துவிட்டு, சோதனைக்குப் புதியதை மாட்டியதும் அவர்தான். இரண்டு விரலால் பிளக்கின் பள்ளத்தைத் தடவிப் பார்த்துச் சரியான பக்கம் செருகினார். நான் அதையே எத்தனை தடவை தலைகீழாகச் செருகியிருக்கிறேன் என்று சொல்லவில்லை. டிஸ்கைப் போட்டார். பொத்தானை அழுத்தினார். கையைக் கீபோர்டின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இங்க ஒரு கீ அழுத்தணுமே?"

"அதை எடுத்துட்டேங்க டீச்சர். உங்களுக்கு அந்தத் தொல்லையே வேண்டாம்னு" என்றேன், பெருமை பொங்க.

"ஓ" என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

திரை இல்லாத கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தம், 'உர்'. அவர் நாற்காலியில் லேசாகச் சாய்ந்து, மெல்லிய குரலில் எனக்கு விளக்கம் சொன்னார். பேசக்கூடாது என்பது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

"இப்போ டிஸ்க்லேர்ந்து படிக்கறது. ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கு... இதோ ஹார்ட் டிஸ்க் கர்கர்ங்கறது, அழிக்கறதோ?... இப்போ ரெண்டும் சேர்ந்து. எடுத்து எடுத்துக் கொடுக்கறது, வாங்கி வாங்கி வச்சுக்கறது."

ஃபைல்கள் நகலாகிற கட்டம். மிகச் சரி. எனக்கு அதைப் பார்க்க ஒரு மஞ்சள் கோடு வேண்டும். இவர் சமையலறையில் குக்கர் எத்தனையாவது விசிலில் இருக்கிறது என்பதைப் போல் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் 'டிக்' என்று நின்று, மறுபடி எழுந்தது.

"ரீஸ்டார்ட்டுங்க. பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்றேன்.

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், இது திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கறது" என்றார்.

"இல்லைங்க டீச்சர், அடுத்த கட்டம். மூணு தடவை டெஸ்ட் பண்ணியிருக்கேன்."

"போன தடவை அவர் போட்டப்போ, ரீஸ்டார்ட் ஆனதும் டிஸ்க் சித்த நேரம் சும்மா இருந்துது. ஹார்ட் டிஸ்க்தான் ஓடித்து. இப்போ ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கு, டிஸ்க்தான் ஓடறது."

"மெஷினுக்கு மெஷின் சத்தம் மாறும்ங்க" என்றேன். இதைச் சொன்ன தொனி எனக்கு நன்றாகத் தெரிந்த தொனி. கடையில் என் தோளுக்குப் பின்னால் சாரைத் தேடுகிறவர்களின் தொனி அது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் வாதாடவில்லை. இன்னும் ஒரு நிமிடம் கேட்டார். "இதோ கர்கர். அழிக்கறது. ரெண்டாவது தடவை" என்றார்.

ஊஞ்சலிலிருந்து எழுந்து மானிட்டர் வயரைச் செருகினேன். கறுப்புத் திரை நீலமாயிற்று. நீலத்தில் மஞ்சள் கோடு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்கை அழித்து ஒழுங்கு செய்கிற கட்டம், பதினெட்டு சதவீதம். பத்து நிமிடமாக ஏற்றியதை எல்லாம் அதுவே துடைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஏற்றக் கிளம்பியிருந்தது.

காரணம் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. என் கடைக் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஹார்ட் டிஸ்கைத் தேடும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால்தான் சி.டி.க்குப் போகும். டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர் முதலில் சி.டி.யைத் தேடும். சி.டி. எழும், கேள்வி கேட்காது, அதைத்தான் நான் பிடுங்கிவிட்டேனே, உடனே அழித்து ஏற்றும், ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி சி.டி. எழும். சாயங்காலம் வரை, மறுநாள் வரை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கும். அந்த ஐந்து விநாடிக் கேள்வி சும்மா வைத்ததில்லை. முதல் தடவை அழுத்த வேண்டும், இரண்டாம் தடவை அழுத்தாமல் விடவேண்டும். அதற்காகத்தான் கேட்கிறது.

அதற்குப் பின்னால் இன்னொன்று தோன்றியது. ஒருவேளை எப்படியோ நல்லபடி ஏறி, டீச்சர் வருடக்கணக்காக வேலை செய்து, ஒரு நாள் இந்த டிஸ்கை உள்ளேயே மறந்துவிட்டிருந்தால்? ஸ்ரீரங்கத்தில் கரண்ட் ஒரு முறை போய் வந்தால் போதும். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனை பாடத்தையும் அழித்திருக்கும். அழிக்கத் தயாராக ஒன்றை அழகாகச் செய்து, கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், மன்னிப்புச் சீக்கிரம் வராது. அன்றைக்கு வந்தது.

டீச்சர் கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "அந்தக் கேள்வியை ஏன் எடுத்தேள்?"

"திரையில வர்றது... உங்களுக்குத் தெரியாதேன்னு..."

"போன தடவை அவர் அழுத்தினது எனக்குத் தெரிஞ்சுதே. முதல் தடவை அழுத்தினார், ரெண்டாவது தடவை கையை எடுத்துண்டார். டிஸ்க் சுத்தி வேகம் பிடிக்கும், டக்குனு ஒரு சத்தம், அப்புறம் மூச்சைப் பிடிச்சுண்ட மாதிரி ஒரு அமைதி வரும். அந்த அமைதிலதான் அழுத்தினார். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குத் தெரியப் போவதில்லை என்றாலும்.

"மத்த கேள்வியெல்லாம் எடுங்கோ, சந்தோஷம். எந்த நாடு, என்ன மணிங்கறதெல்லாம் யார் சொன்னா என்ன. ஆனா இது அழிக்கற விஷயம் மேடம். என் மெஷினை அழிக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணுமோ இல்லையோ?"

டீச்சர் எழுந்து போய் எனக்குக் காபி கலந்து கொண்டுவந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான்தான் வாங்கும்போது சிந்தினேன்.

கடைக்குத் திரும்பி அந்தக் கேள்வியை டிஸ்கில் பழையபடி வைத்தேன். செய்த வேலை அவ்வளவுதான், எடுத்ததைத் திருப்பி வைத்தது. ஆறாவது சி.டி.யை எழுதி அடுத்த சனிக்கிழமை எடுத்துப் போனேன். மறுபடி மானிட்டர் வயரைக் கழற்றினேன். இந்த முறை அவர் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பொத்தானை அழுத்தினார். டிஸ்க் சுற்றி வேகம் பிடித்தது. அவர் சொன்ன 'டக்' எனக்குக் கேட்கவில்லை. அமைதியும் கேட்கவில்லை. அவர் ஸ்பேஸ் பாரை ஒரு தரம் தட்டினார். டிஸ்க் பாய்ந்து ஓடத் தொடங்கியது. பத்து நிமிடம் கழித்து ரீஸ்டார்ட். இரண்டு கையையும் தூக்கிக் காதுக்கு நேரே வைத்துக்கொண்டு, பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். டிஸ்க் சும்மா நின்றது. ஹார்ட் டிஸ்க் ஓடியது.

"தாண்டியாச்சு" என்றார்.

இன்னும் ஒரு முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் என் ஜலதோஷக் குரல் ஸ்பீக்கரில் பேசியபோது, அவர் துள்ளி விழுந்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இது எப்போ வச்சேள்?" என்று கேட்டுக்கொண்டே பிரிண்டரின் மேலிருந்த ஜமக்காளத்தைச் சரிசெய்துவிட்டு, சோதனைக்கு ஒரு பக்கம் ஓட்டினார். ஆலங்கட்டி பெய்தது. வந்த காகிதத்தை விரலால் ஒரு முறை மேலிருந்து கீழே தடவினார். "சரியா இருக்கு" என்றார். டிஸ்கை வெளியே எடுத்து உறையில் போட்டு, உறையின்மேல் பிரெயிலில் ஒரு வரி குத்தி ஒட்டினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "வேலை முடிஞ்சா வெளியில எடுக்கவும்னு. மறதி எனக்கும் உண்டு" என்றார்.

அப்புறம் அவரிடமிருந்து போனே வரவில்லை. மார்கழி வந்தது. அரையாண்டுப் பரீட்சை, ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம், வீதிக்கு வீதி தடுப்பு. அந்தப் பக்கமே போக முடியாது. ஏதாவது ஆகியிருந்தால் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன்.

தை பிறந்து ஒரு வாரத்தில் போன் வந்தது. இதே பிரிண்டர் வைத்திருக்கிற வேறு ஊர் டீச்சர்கள் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு டிஸ்க் வேண்டுமாம். அவர்கள் சாவி எண்ணைத் தந்துவிடுவார்களாம். விவரம் கேட்க நேரிலேயே போனேன். இந்த முறை நம்பர் பிளேட்டை முடுக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் முகத்தில் புன்னகை.

"மெஷின் நல்லா ஓடுதுங்களா?" என்றேன்.

"இப்போ நன்னா ஓடறது. நடுவுல ஒரு நாள் படுத்துடுத்து."

"எப்ப?"

"ஏகாதசிக்கு முன்னாடி, பகல் பத்து உத்சவத்துல. கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துது. நாலாவது தடவை வந்தப்போ விண்டோஸ் எழுந்துக்கலை. ஆன் பண்ணினா மெஷின் உறுமறது, திரை படிக்கற குரல் மட்டும் வரலை. மறுநாள் மத்தியானத்துக்குள்ள அரையாண்டுப் பேப்பர் பன்னெண்டு பக்கம் போயாகணும். பாடமெல்லாம் பென் டிரைவ்ல இருந்துது, அதை முதல்ல கழட்டி எடுத்து வச்சேன். டிஸ்கைப் போட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க?" கேட்கும்போதே எனக்குள் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"எதுக்கு? வீதில தடுப்பு போட்டிருந்தா, நீங்க வந்திருக்கவும் முடியாது. அது கேட்டுது, நான் அழுத்தினேன். ரெண்டாவது தடவை கேட்டுது, அழுத்தலை. அடுப்புல தளிகை பண்ணி முடிக்கறதுக்குள்ள அது பாட்டுக்கு ஏறிடுத்து. வாசல்ல பெருமாள் புறப்பாட்டு நாகஸ்வரம், அந்தச் சத்தத்துக்கு நடுவுல, உள்ளேர்ந்து உங்க குரல். 'டீச்சர், முடிஞ்சிருச்சுங்க.' நானும் பதில் சொன்னேன்."

"என்னன்னு?"

"தெரியும், கேட்டுண்டுதான் இருந்தேன்னு."

பன்னிரண்டு பக்கமும் அன்று மாலையே குத்தி முடித்து, மறுநாள் காலை ஆட்டோ வரும் இடம் வரை கூட்டத்தில் தானே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். குழந்தைகள் கையில் காகிதத்தோடு பரீட்சை எழுதியிருக்கிறார்கள்.

நான் பிரிண்டரைத் துடைப்பது போல் பாவனை செய்தேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து, பரீட்சைத் தேதியை வைத்து அந்த நாள் எது என்று கணக்குப் பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை, முற்பகல். என் குரல் கிழக்கு உத்தர வீதியில் அந்த அறைக்குள் பேசிய நேரத்தில் நான் இங்கே கடையில், வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற யாரிடமாவது, "என்ன ரிப்பேருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். இப்போது அந்த இரண்டு டிஸ்கையும் எழுதி முடித்துவிட்டேன். இரண்டிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. அந்த இரண்டு டீச்சர்களையும் போனில் கூப்பிட்டு, உங்களுக்கு வேறு எந்தக் கேள்வியை வைக்கட்டும் என்று முதலில் கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுதினேன்.